வெறும் வேரோடு ஓர் ஈழத்தலரி: முப்பது வயது மரத்தை இடம் மாற்றிய நிகழ்வு ஆய்வு

மரம் கோயம்புத்தூர் மேற்குப் பகுதியில், ஒரு பழைய வீட்டின் மதிலோரம் நின்றது. நர்சரிகளில் ப்ளூமேரியா என்று கேட்டால் கிடைக்கும் ஈழத்தலரிதான். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், பனிக்காலத்தில் இலை உதிர்க்கும் இனம். வயது முப்பதை ஒட்டி இருக்கும். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் அடிமரச் சுற்றளவு 96 செ.மீ.; விட்டம் என்று பார்த்தால் சுமார் 30 செ.மீ. உயரம் 4.2 மீட்டர், கிளைப் பரப்பு 4.8 மீட்டர். அடிமரம் 60 செ.மீ. உயரத்திலேயே மூன்று கவைகளாகப் பிரிந்துவிடுகிறது. மேற்கே 55 செ.மீ. தள்ளி மதில், கிழக்கே ஒன்றரை மீட்டரில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. வீட்டை நீட்டிக் கட்டுவதால் மரம் அங்கே இருக்க முடியாது. போக வேண்டிய இடம் 11 கி.மீ. தொலைவில், செம்மண் சரளை நிலம்.

வழக்கமாகப் பெரிய மரத்தைத் தாய்மண்ணோடுதான் எடுப்பார்கள். அடிமர விட்டத்தைப் போலப் பத்து மடங்கு அகலத்துக்கு மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இந்த மரத்துக்கு அது 3 மீட்டர் அகலம், 75 செ.மீ. ஆழம். கன அளவு ஐந்து கனமீட்டருக்கு மேல், எடை சுமார் 8 டன். மதிலுக்கும் தொட்டிக்கும் நடுவே அந்த அகலம் கிடையாது. இருந்தாலும் அந்தச் சந்துக்குள் அவ்வளவு எடையைத் தூக்கும் கிரேன் நுழையாது. போதாக்குறைக்கு, மரம் நின்றது நல்ல மண்ணிலும் இல்லை. செங்கல் உடைசல், ஓடு, சுண்ணாம்புக் காரை எல்லாம் கொட்டி மேலே ஒரு முழம் மண் பரப்பிய பாத்தி அது. சாக்கு கட்டித் தூக்கினால் பாதி வழியில் உதிர்ந்து, உள்ளே இருக்கும் வேரையும் ஒடித்துக்கொண்டு விழும். மண்ணை முழுக்க எடுத்துவிட்டால் மரத்தின் எடை 300 கிலோவைத் தாண்டாது.

வெறும் வேரோடு எடுப்பது எல்லா மரத்துக்கும் சரிவராது. வேம்பு, மா, செண்பகம், மகிழம் போன்ற பசுமை மாறாத மரங்களைப் பெரிய வயதில் மண்ணைக் கழற்றி எடுத்தால் அநேகமாகப் போய்விடும். இலை நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஊட்டிவந்த நுண்வேர்கள் போயிருக்கும். ஈழத்தலரியின் சங்கதி வேறு. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளின் வறண்ட காடுகளில் மாதக்கணக்கில் மழையில்லாமல் இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் தேக்கிய நீரை வைத்துக் காலம் தள்ளும் மரம் அது. அமெரிக்காவில் உறைபனி விழும் ஊர்களில் இதை வளர்ப்பவர்கள் குளிர் தொடங்கும்போது செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, கார் ஷெட்டில் சாத்தி வைத்துவிட்டு வசந்தத்தில் திரும்ப நடுகிறார்கள். மாதக்கணக்கில் வேரில் ஒரு சொட்டு நீர் படுவதில்லை. ஆக, இந்த மரத்தைக் கொல்வது வறட்சி அல்ல, அழுகல். காலம் பார்ப்பது, வெட்டுவது, காயவிடுவது, குழி எடுப்பது, நீர் விடுவது எல்லாமே இந்த ஒன்றை மனத்தில் வைத்துத்தான். வேப்பங்கன்றுக்குக் காட்டும் கரிசனத்தை இதற்குக் காட்டி, நட்ட அன்றே குழி நிறையத் தண்ணீர் கட்டுபவர்கள்தான் மரத்தை இழக்கிறார்கள்.

எப்போது எடுப்பது

மாசி முதல் பாதி. கொங்குப் பக்கத்தில் மார்கழி, தை இரண்டு மாதமும் இந்த இனம் மொட்டையாகத்தான் நிற்கும். இலை விழுந்ததும் எடுத்துவிடலாம் என்று தோன்றும், அது தவறு. உறக்கத்தின் தொடக்கத்தில் வெட்டிய வேர், புதுவேர் விடாமல் இரண்டு மாதம் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். வடகிழக்குப் பருவமழை ஈரமும் மண்ணில் மிச்சம் இருக்கும். உறக்கம் முடியும் தறுவாயில் எடுத்தால் நட்ட சில வாரத்திலேயே வெயிலும் மண்சூடும் வேரைத் தூண்டிவிடும். அடையாளம் கிளை நுனியில் தெரியும்: சாம்பல் நிறமாக ஒடுங்கியிருந்த நுனி லேசாகப் பருத்து, நடுவில் பச்சை மினுங்கத் தொடங்கும். இலை இரண்டு விரல் நீளம் வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

ஒரு வருடம் முன்பே பாதி வேரை வெட்டி, மரத்தைப் பழக்கும் முறை பல மரங்களுக்கு நல்லது. இங்கே அது தேவைப்படவில்லை. கட்டுமானம் காத்திருக்காது என்பது ஒரு காரணம். பருமனான வேரிலிருந்தே புதுவேர் தள்ளும் குணம் ஈழத்தலரிக்கு உண்டு என்பது பெரிய காரணம்.

கவாத்து

தோண்டுவதற்குப் பத்து நாள் முன்பே கிளை கழிக்கப்பட்டது. வெட்டு வாய் காய்ந்து மூடிய பிறகுதான் மரத்தை அசைக்க வேண்டும். எவ்வளவு வெட்டுவது என்பதை மரத்தின் நலம் தீர்மானிக்கவில்லை, லாரியின் அகலம் தீர்மானித்தது. ஈழத்தலரிக் கிளை வளையாது, ஒடியும். மற்ற மரங்களைப் போலக் கயிறு போட்டுக் கிளைகளை உள்ளே இழுத்துக் கட்ட முடியாது. 14 அடி லாரியின் மேடை 2 மீட்டர் சொச்சம் அகலம். பரப்பை 2.6 மீட்டருக்கும் உயரத்தை 3.6 மீட்டருக்கும் குறைத்தால்தான் பக்கப் பலகையை இறக்கிப் படுக்க வைக்கலாம்.

பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். ஆகவே வெட்டிய ஒவ்வொரு நுனியும் அந்த வருடத்துப் பூவில் குறைவு. நுனிகளை எல்லாம் ஒரே மட்டமாகத் தறிப்பதைவிட, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை உள்கவை வரை முழுதாக எடுத்து, நடுக்கிளைகளை நுனியோடு விடுவது மேல். வெட்டு எப்போதும் சாய்வாக இருக்க வேண்டும். தட்டையான வெட்டில் பனியும் மழையும் தேங்கும். கத்தியையும் ரம்பத்தையும் கிளைக்குக் கிளை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். வெட்டியதும் பால் கொட்டும். ஸ்பிரேயரில் தண்ணீர் அடித்தால் வழிவது குறையும். பால் நின்று வாய் உலர்ந்த பிறகு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளைக் கொஞ்சம் நீரில் குழைத்துப் பூசினால் போதும்; பெயின்ட், தார் எதுவும் வேண்டாம். அவை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். இந்தப் பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கழித்த கிளைகளில் விரல் பருமனுக்கு மேல் இருந்தவற்றை 45 செ.மீ. துண்டுகளாக நறுக்கி நிழலில் காயப்போட்டு, இரண்டு வாரம் கழித்துப் பைகளில் நட்டாயிற்று. தாய்மரம் போனாலும் அதே பூ தப்பிக்கும். பெரிய மரத்தைத் தொடும் எவரும் செய்துவைக்க வேண்டிய வேலை இது. செலவு பைக்கும் மணலுக்கும்தான்.

மண்ணைக் கழற்றுவது

நான்கு நாள் முன்பு பாத்தியை லேசாக நனைத்து விட்டார்கள். முழுக்கக் காய்ந்த மண் கட்டியாக இறுகி வேரோடு சேர்த்துப் பெயரும். சேறான மண் வேரில் அப்பிக்கொள்ளும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம்தான் தேவை.

அடிமரத்தில் மண்மட்டம் எங்கே இருக்கிறது என்று பெயின்டால் ஒரு வளையம், வடக்கு எந்தப் பக்கம் என்று ஒரு கோடு. மூன்று பக்கமும் 90 செ.மீ. தள்ளியும், மதில் பக்கம் 50 செ.மீ. விட்டும் 70 செ.மீ. ஆழத்துக்குச் சால் எடுக்கப்பட்டது. கடப்பாரையும் மண்வெட்டியும் இந்தச் சாலோடு சரி. அதற்கு உட்புறம் களைக்கொத்து, மூங்கில் குச்சி, கை. வெளியிலிருந்து உள்நோக்கி, வேர் போகும் போக்கிலேயே மண்ணைச் சுரண்டி வர வேண்டும். இது அலுப்புத் தட்டும் வேலை. இரண்டு பேர் காலையில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடிய மதியம் ஆகும். அவசரப்பட்டால் வேர் சடக்கென்று ஒடியும். ஈழத்தலரி வேர் சதைப்பற்றானது, உள்ளே நார் குறைவு. கிழங்கு ஒடிவதைப்போல் குறுக்காக ஒடிந்துவிடும்.

வெளிநாடுகளில் இதே வேலையை அழுத்தக் காற்றுக் கருவியால் செய்கிறார்கள். மண் சிதறும், வேர் அவ்வளவாகச் சேதமாகாது, பகல் பொழுதுக்குள் முடிந்துவிடும். கிணற்றுப்பாறை உடைக்க வரும் கம்ப்ரசர் டிராக்டரை வைத்து அதைச் செய்யலாமே என்ற யோசனை இங்கேயும் வந்தது. அதற்கென்று செய்த நாசில் இல்லாமல் வெறும் குழாயில் காற்றைப் பீய்ச்சினால் தூசிதான் பறக்கும், இறுகிய மண் நகராது. காரைக் கழுவும் பிரஷர் பம்ப் இன்னும் மோசம். மண் போகும், கூடவே வேரின் பட்டையும் உரிந்துவரும். கடைசியில் வேரிடுக்கில் ஒட்டியிருந்த மண்ணுக்கு மட்டும் சாதாரணத் தோட்டக் குழாயில் மெல்லிய நீர் விடப்பட்டது.

மண் போனதும் தெரிந்தது இது: ஆணிவேர் இல்லை. முப்பது வருடம் முன்பு கிளை வெட்டி நட்ட மரம் என்பதால் அது எதிர்பார்த்ததுதான். 4 முதல் 9 செ.மீ. பருமனில் ஏழு பெருவேர்கள், எல்லாம் மேல்மட்டத்து 50 செ.மீ. மண்ணுக்குள். அதில் ஐந்து வேர் கிழக்கு, வடக்கு, தெற்கு என்று பரவியிருந்தன. மேற்கே போன இரண்டும் மதில் அஸ்திவாரத்தில் முட்டி, அதன் ஓரமாகவே திரும்பி ஓடியிருந்தன. கடைக்கால் கல்லில் நசுங்கித் தட்டையாகிப் போயிருந்த அந்த இரண்டையும் நேராக்க முடியாது. திருகல் தொடங்கும் இடத்துக்கு முன்பாகவே அறுத்துவிட்டார்கள். அதனால் மேற்குப் பக்கம் 40 செ.மீ. வேர்தான் மிச்சம். இது பின்னால் ஒரு முக்கியமான முடிவுக்குக் காரணமாயிற்று.

ஒடிந்த, நசுங்கிய முனைகள் எல்லாவற்றையும் நல்ல வெள்ளைச் சதை வரும்வரை கூர்மையான கவாத்து ரம்பத்தால் அறுக்க வேண்டும். அரிவாள் வெட்டு கூடாது. அது முனையைப் பிளக்கும். அறுத்த முகத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் உள்ளே தள்ளி அறுக்க வேண்டும். இங்கேயும் அதே காப்பர் பூச்சுதான்.

தூக்குவது

கிரேன் பெல்ட்டை எங்கே போடுவது என்பதுதான் இதில் சிக்கல். எடை முழுக்க மேலே இருக்கிறது. மண் போன பிறகு அடியில் கனம் இல்லை. கவைக்குக் கீழே அடிமரத்தில் மட்டும் பெல்ட்டைச் சுற்றித் தூக்கினால் மரம் தலைகீழாகச் சாயப் பார்க்கும். கிளையில் போட்டுத் தூக்கினால் கிளை கவையிலேயே பிளக்கும். 75 மி.மீ. அகலப் பெல்ட் இரண்டைக் கவைக்குக் கீழே கொடுத்து, மூன்று கவைகளுக்கும் நடுவே மேலே கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார்கள். அப்போது மரம் சாய்ந்தாலும் கிளைகளே பெல்ட்டில் சாய்ந்து நிற்கும். வேர்ப்பக்கம் இரண்டு கயிறு கட்டி, இரண்டு ஆள் பிடித்து வழிநடத்தினார்கள். பெல்ட் படும் இடமெல்லாம் நான்கு மடிப்புச் சாக்கு.

இருந்தும் ஓர் இடத்தில் காயம் பட்டது. கீறலிலிருந்து கசிந்த பாலில் சாக்கு வழுக்கி நகர்ந்துவிட்டது; பெல்ட் நேரடியாக உரசி, வடக்குக் கவையின் உட்புறம் உள்ளங்கை அளவுக்குப் பட்டை பெயர்ந்தது. பால் கசியும் மரத்தில் சாக்கைச் சும்மா செருகக் கூடாது, சணல் கயிறால் கிளையோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும். காயத்தின் ஓரங்களைக் கத்தியால் ஒழுங்காகச் சீவி, எதுவும் பூசாமல் காற்றாட விட்டார்கள். சில மாதத்தில் ஓரங்கள் உருண்டு மூடத் தொடங்கின.

லாரியில் வைக்கோல் மெத்தை, அதன்மேல் பழைய டயர்கள், அதன்மேல் மரம். வேர்ப்பக்கம் ஓட்டுநர் பக்கமாக, கிளைகள் பின்னால். விடியற்காலையில் நகர்த்தியதால் போக்குவரத்தும் வெயிலும் இல்லை.

காயவிட்ட ஒரு வாரம்

தோட்டத்துக்குப் போன மரத்தை உடனே நடவில்லை. வேப்பமர நிழலில் டயர்களின் மேல் சாய்த்து, வேர்கள் தரையைத் தொடாதபடி ஏழு நாள் விட்டார்கள். மேலே உலர்ந்த சாக்கு மட்டும். பார்ப்பவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியும். வேறெந்த மரமாக இருந்தாலும் ஈரச்சாக்கைச் சுற்றி, செம்மண்–சாணக் குழம்பில் வேரை முக்கி, அன்றே நட்டாக வேண்டும். கால் மணி நேர வெயிலே நுண்வேரைக் கொன்றுவிடும். இங்கேயும் நுண்வேர்கள் செத்துத்தான் போகும். போகட்டும். அவை தோண்டும்போதே பெரும்பாலும் அறுந்துவிட்டன. மிச்சமும் ஈரமண்ணில் அழுகித்தான் போயிருக்கும். நமக்குத் தேவை பெருவேரின் அறுத்த முகம் மூடுவது. ஏழாம் நாள் அந்த முகங்கள் வெளிர்பழுப்பாக, தொட்டால் தோல்போலக் கடினமாக இருந்தன. நகத்தால் அழுத்தினாலும் ஈரம் ஒட்டவில்லை. நடலாம் என்பதற்கு அதுதான் சான்று.

மூடாத வெட்டுவாயோடு ஈரமண்ணில் வைத்தால் மண்ணில் எப்போதும் இருக்கும் பைட்டோப்தோரா, பித்தியம், பியூசேரியம் போன்ற அழுகல் கிருமிகளுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. அழுகல் வேரிலிருந்து அடிமரத்துக்கு உள்வழியாகவே ஏறும். வெளியே தெரியும்போது மரம் பாதி போயிருக்கும்.

குழி, மேடு, திசை

குழியில் முதலில் நீர் வடியும் வேகம் பார்க்கப்பட்டது. 30 செ.மீ. ஆழத்தில் ஒரு சோதனைக் குழி எடுத்து, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாம் முறை நிரப்பியதில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். இங்கே மணிக்கு 11 செ.மீ. இறங்கியது, அருமையான வடிகால். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கும் கரிசலில் குழியே எடுக்கக் கூடாது. தரைமேல் மண்மேடு போட்டு அதில்தான் வைக்க வேண்டும். களிமண்ணில் குழிவெட்டி மணலும் எருவும் கலந்து நிரப்புவது சுற்றிலும் உள்ள நீரையெல்லாம் அந்தக் குழிக்கு வரவழைக்கும் வேலை.

வடிகால் நன்றாக இருந்தும் பாதி மேடாகத்தான் நடப்பட்டது. குழி அகலம் 2 மீட்டர், ஆழம் 35 செ.மீ. மட்டும். தோண்டிய செம்மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு அரை அங்குல ஜல்லி கலந்தது. தொழுஉரம், வேப்பம் புண்ணாக்கு, மண்புழு உரம் எதுவும் இல்லை. வெட்டுக்காயத்தின் பக்கத்தில் மக்கும் பொருள் இருப்பது அழுகலுக்குத் தீனி. குழி நடுவே கூம்பாக மண்ணைக் குவித்து, அதன்மேல் மரத்தை உட்கார வைத்து, வேர்களைச் சரிவில் விரித்துப் பரப்பினார்கள். பழைய மண்மட்ட வளையம் புதிய மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே நிற்க வேண்டும். மண் அமரும்போது மரமும் சற்று இறங்கும். அடிமரமும் வேரும் சேரும் வேர்க்கழுத்து புதைந்தால் அங்கேதான் முதல் அழுகல் வரும்.

திசைதான் யோசிக்க வைத்தது. பழைய இடத்தில் வடக்கு நோக்கிய பக்கத்தைப் புதிய இடத்திலும் வடக்கே வைக்க வேண்டும் என்பது தோட்டக்காரர்கள் எல்லாரும் சொல்லும் விதி; நிழலில் வளர்ந்த பட்டை திடீரென்று வெயிலில் பட்டால் வெந்துவிடும் என்பது அதற்குக் காரணம். இங்கே விதியை அப்படியே பின்பற்றியிருந்தால் கேடுதான் வந்திருக்கும். இந்த மரத்தின் மேற்குப் பக்கம் மதிலின் மறைவில் இருந்தது. புதிய இடத்தில் மறைவு இல்லை. அதே திசையில் வைத்தால் வெயில் காணாத பட்டை பங்குனி, சித்திரை மாத மாலை வெயிலை நேராக வாங்கும். அதோடு, ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் பலத்த காற்றும் மேற்கிலிருந்துதான். காற்று வரும் பக்கத்து வேர்கள்தான் மரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் 40 செ.மீ. வேரோடு நிற்கும் மரம் எப்படித் தாங்கும்?

ஆகவே மரத்தை அப்படியே 180 பாகை திருப்பி வைத்தார்கள். நீண்ட வேர்கள் மேற்கே வந்தன; வெயில் பழகிய கிழக்குப் பட்டை மேற்கு வெயிலை எதிர்கொண்டது; மதில் மறைவில் வளர்ந்த பகுதிக்கு இளங்காலை வெயில் மட்டும். வடக்கும் தெற்கும் இடம் மாறியது பெரிய விஷயம் இல்லை. கோயம்புத்தூர் 11 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆவணித் தொடக்கம் வரை உச்சிக்கு வடக்கேதான் நிற்கிறது. குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் தெற்குப்பக்க வெயில் காயம் இந்த அட்சரேகையில் சிறு விஷயம். நமக்கு மேற்குதான் எதிரி. இருந்தாலும் பாதுகாப்புக்காக அடிமரத்துக்கும் கவைகளின் மேற்புறத்துக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள்: ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, ஐந்து லிட்டர் தண்ணீர், ஒட்டுவதற்கு அரை லிட்டர் சோற்றுக் கஞ்சி.

மண் உலர்ந்தபடியே போடப்பட்டது. வேரிடுக்குகளில் மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். காலால் மிதித்து இறுக்கினால் கூம்பின்மேல் தொங்கும் வேர்கள் ஒடியும். மற்ற மரங்களுக்குச் செய்வதுபோல் சேறாக்கி ஊற்றி நிரப்புவதும் இங்கே கூடாது.

பிடிமானம்

தாய்மண்ணோடு வரும் மரத்தை அதன் சொந்த எடையே ஓரளவு நிறுத்திவிடும். வெறும் வேரோடு வந்ததற்கு அந்த வசதி கிடையாது. லேசாக ஆடினாலும் புதிதாக விடும் வேர்முனைகள் அறுந்துகொண்டே இருக்கும். மேலே இலை நன்றாக வந்தும் ஆறு மாதம் கழித்து மரம் வாடுவதற்கு இதுவே பல இடங்களில் காரணம். கவைகளில் 5 செ.மீ. அகலப் பட்டை பெல்ட்டைத் தளர்வாகச் சுற்றி, மூன்று திசையில் கம்பி வடத்தால் இழுத்து, 75 செ.மீ. நீள இரும்பு ஆங்கிள் முளைகளில் டர்ன்பக்கிள் (வடத்தைத் திருகி இறுக்கும் கொக்கி) வைத்துக் கட்டினார்கள். முளைகள் மரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்து இறங்க வேண்டும். மர முளை வேண்டாம், கரையானுக்கு அழைப்பு. ஹோஸ் பைப்புக்குள் கம்பியை நுழைத்துக் கிளையில் நேராகக் கட்டும் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு வருடத்தில் கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும்.

தண்ணீர்

இலையில்லாத மரம் நீரை இழுப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது ஊற்றும் நீர் வேருக்குப் போவதில்லை, மண்ணில் தங்கி அழுகலுக்கே உதவுகிறது. அதனால் நட்ட பத்தாம் நாள்தான் முதல் நீர்: அடிமரத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி வட்டமாக 20 லிட்டர். அதன்பின் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே அளவு. இலை ஒரு சாண் நீளம் வந்த பிறகு வாரம் 40 லிட்டர். மூடாக்குக்கு வைக்கோல் போடாமல் சரளைக்கல், அதுவும் அடிமரத்தை விட்டு 30 செ.மீ. தள்ளி.

இந்தக் காலத்தில் கிளைகளில் சுருக்கம் விழும். பார்த்ததும் தண்ணீர் ஊற்றத் தோன்றும். முதலில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தும் கெட்டியாக இருந்தால் மரம் தேக்கிவைத்த நீரைச் செலவழிக்கிறது, அவ்வளவுதான். மெத்தென்று அமுங்கினால், அதுவும் அடிப்பக்கத்தில் அமுங்கினால், அழுகல். சந்தேகம் வந்தால் ஊசியால் குத்தினால் போதும்: வெள்ளைப் பால் வந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு நீர் வந்தாலோ எதுவும் வராவிட்டாலோ அந்த இடம் போயிற்று.

பங்குனி நடுவில் நுனிகள் விரிந்தன. இதை வைத்து மரம் பிழைத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஈழத்தலரி வேரே இல்லாமல் தண்டின் சேமிப்பிலேயே ஐந்தாறு இலையும் ஒரு பூங்கொத்தும் தள்ளிவிடும். வெட்டிப்போட்ட கிளைகூடப் பூக்கும். இலை 4, 5 செ.மீ. அளவில் இரண்டு மூன்று வாரம் அப்படியே நின்றால் கீழே வேர் வரவில்லை என்று பொருள். இங்கேயும் தெற்குக் கவையில் அந்த நிலை ஏற்பட்டது. வந்த பூங்கொத்துகளை எல்லாம் கிள்ளிவிட்டு, நீரைக் கூட்டாமல் காத்திருந்ததில், சித்திரை கடைசியில் இலைகள் மறுபடி நீளத் தொடங்கின. அப்போது அடிமரத்திலிருந்து 50 செ.மீ. தள்ளிக் கையால் மண்ணை விலக்கிப் பார்த்தபோது தீக்குச்சிப் பருமனில் வெள்ளை வேர்முனைகள் தெரிந்தன.

இடையில் ஒரு தடங்கல். சித்திரையில் இரண்டு மாலை அடுத்தடுத்துக் கோடைமழை கொட்டியது. மேட்டில் இருந்ததால் வேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வடக்குக் கவையில் கவாத்துச் செய்த ஒரு நுனி கருத்து மென்மையானது. அந்த வெட்டு மற்றவற்றைவிடத் தட்டையாக இருந்ததுதான் காரணம். கருப்பு முடியும் இடத்தோடு நிறுத்தாமல், வெட்டு முகத்தில் நடுச்சோறு முழுக்க வெள்ளையாகத் தெரியும்வரை துண்டு துண்டாக அறுத்துவந்ததில் 30 செ.மீ. போயிற்று. பால் நன்றாகக் கசிந்தது, காப்பர் பூசினார்கள், அழுகல் மேற்கொண்டு பரவவில்லை. இரண்டு நாள் தள்ளியிருந்தால் கவை முழுவதையும் எடுக்க வேண்டியிருந்திருக்கும். இந்த அழுகல் ஒரே நாளில் ஒரு விரற்கடை இறங்கக்கூடியது.

உரம் என்று பார்த்தால், வைகாசியில் இலை முழுமையான பிறகு டிரைக்கோடெர்மா விரிடி கலந்து ஊறவைத்த தொழுஉரம் பத்துக் கிலோ, மேட்டின் வெளி விளிம்பில் மட்டும். காப்பர் பூச்சும் டிரைக்கோடெர்மாவும் ஒரே சமயத்தில் கூடாது. காப்பர் அந்த நல்ல பூஞ்சையையும் பாதிக்கலாம். ஆடிக்காற்றில் மரம் கிழக்கே சற்றுச் சாய்ந்தது. மேற்கு வடத்தின் டர்ன்பக்கிளை நாளுக்கு ஒரு திருகாக முறுக்கி நிமிர்த்தினார்கள். ஒரே இழுப்பில் நிமிர்த்தினால் புதுவேர் அறும். ஐப்பசியில் இலையடியில் ஆரஞ்சுப் பொடியாகத் துருநோய் வந்தது. எப்படியும் உதிரப்போகிற இலைகள் என்பதால் மருந்து அடிக்கவில்லை. உதிர்ந்ததைக் கூட்டிப் பெருக்கி எரித்ததோடு சரி.

வடங்களை அடுத்த மாசியில் தளர்த்தி, ஒரு மாதம் ஆட்டம் பார்த்துவிட்டுக் கழற்றலாம் என்பது திட்டம். அடிமரத்தைக் கையால் தள்ளும்போது வேர்க்கழுத்தைச் சுற்றி மண்ணில் வட்டமாக வெடிப்பு விழாமல் இருந்தால் கழற்றலாம். இங்கே கிழக்குப் பக்கம், அதாவது குட்டை வேர்ப் பக்கம், மெல்லிய வெடிப்பு தெரிந்தது. மேற்கு வடத்தை மட்டும் இன்னொரு ஆடி தாண்டும்வரை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் கழற்றினார்கள். கவையைச் சுற்றியிருந்த பட்டை பெல்ட்டை அதே நாளில் இரண்டு அங்குலம் மேலே நகர்த்திக் கட்டினார்கள்.